நாடித்துடிப்பு 82

எண்பத்திரண்டு என்று எழுதியிருக்கிறேன்.
என் கையெழுத்துதான்.
ஆண்கள் பொது வார்டு, பதினோராம் கட்டில்,
அதிகாலை மூன்று நாற்பது.

முப்பத்தேழு வரை எண்ணியது நினைவிருக்கிறது.
அப்புறம் கேத்திப் பக்கம் எங்கோ
கேரட் கழுவும் எந்திரம் சுற்றியது.
அதன் உருளைக்குள் நான் இருந்தேன்.
தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.
ஊட்டியில் வெதுவெதுப்பு என்றால் அது கனவென்று
அங்கேயே தெரிந்திருக்க வேண்டும்.

விழித்தபோது ஐந்தேகால்.
கன்னம் அவர் போர்வைமேல்.
மூன்று விரலும் அவர் மணிக்கட்டில்
வைத்தது வைத்தபடி.
பெள்ளராஜ், நாற்பத்தாறு வயது,
மண்டியில் முட்டைக்கோஸ் மூட்டை ஏற்றுகிறவர்,
இடது நுரையீரலின் அடியில் நிமோனியா.
ஒன்றரை மணி நேரம் கையை அசைக்காமல்
மல்லாந்து கிடந்திருக்கிறார்.
வந்த இருமலை எல்லாம்
எங்கே வைத்து அழுத்தினாரோ.

'நீங்க நிறுத்தின எடத்துலேந்து நானே எண்ணினேன் டாக்டரம்மா.
நூத்தியெட்டு வரைக்கும் வந்தேன்.
அப்புறம் எனக்கும் விட்டுப்போச்சு.'

நூற்றியெட்டு, ஒரு நிமிடத்துக்கா?
கேட்கவில்லை.
ஆமாம் என்று சொல்லிவிட்டால்
சீனியரை எழுப்ப வேண்டும்.
எண்பத்திரண்டு
யாரையும் எழுப்பாத எண்.

*

போன செவ்வாய்க்கிழமை
எங்கள் மனநலத்துக்காக ஒரு கூட்டம் நடந்தது.
வராதவர்களுக்கு வருகைப்பதிவில் வெட்டு.
திரையில் ஒரு பெண் கண்மூடிச் சிரித்தாள்,
கீழே 'எட்டு மணி நேரத் தூக்கம்' என்று எழுதியிருந்தது.
பின்வரிசையில் ஏழு பேர்
அதை உடனே கடைப்பிடித்தார்கள்.

கடைசியில் ஒரு தாள் கொடுத்தார்கள், ஒன்பது கேள்வி.
கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள்
எதிலும் ஆர்வமில்லாமல்,
எத்தனை நாள் பசியில்லாமல்,
எத்தனை நாள் இருந்தென்ன என்று.
மேலே ரோல் நம்பர் எழுதச் சொன்னார்கள்.
ஒன்பதுக்கும் 'ஒருநாளும் இல்லை' என்று டிக் அடித்தேன்.
அதுவும் ஓர் எண்பத்திரண்டு.

தஸ்லிமா மட்டும் எதிலும் டிக் அடிக்கவில்லை.
தாளின் அடியில், ஓரமாக,
'இங்கே என் கால் சூடாகவே மாட்டேன் என்கிறது'
என்று எழுதிக் கொடுத்தாள்.
மறுநாள் அவள் அப்பாவுக்கு போன் போனது.
பந்தலூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தார்,
வார்டன் அறையில் எச்சில் விழுங்கியபடி நின்றார்.
விடுப்புக் கடிதத்தில் 'காய்ச்சல்' என்று எழுதச் சொன்னார்கள்.
மகள் சொல்லச் சொல்ல எழுதினார்.

அவள் கட்டிலில் இப்போது
என் ஈரக் காலுறைகள் காய்கின்றன.
காய்கின்றன என்பதும் சும்மா.
நான்கு நாளாக அப்படியே இருக்கின்றன.
தலையணைக்கடியில் பாதி கடித்த வர்க்கி ஒன்று.
எறும்புக்குக்கூட இந்தக் குளிரில்
அதைத் தேடி வர மனமில்லை.

விடுதிக்குப் பின்னால் சரிவில் தினமும்
ஒரு காட்டெருமை வந்து நிற்கும்.
எங்கள் ஜன்னலையே பார்க்கும்.
'அதுக்கு டியூட்டி எப்போ முடியும்' என்பாள் தஸ்லிமா.
முதல் வருஷம் சிரித்தோம்.

*

ஐந்தரை.
ஜன்னலுக்கு வெளியே மூடுபனி,
ஆம்புலன்ஸின் நீல விளக்கு மட்டும்
எங்கும் போகாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது.
பதினோராம் கட்டிலுக்குத் திரும்பிப் போகிறேன்.
கேட்கும் முன்னே கையை நீட்டுகிறார்.
இந்த முறை உட்காரவில்லை.
நின்றபடி, நாக்கைக் கடித்தபடி,
சுவர்க் கடிகாரத்தின் சிவப்பு முள்
முழுச் சுற்று வரும்வரை.

நூற்று நான்கு.

அடித்தல் திருத்தல் கூடாது.
ஒற்றைக் கோடு, பக்கத்தில் சுருக்கொப்பம்,
பழைய எண் கீழே தெரிய வேண்டும்.
தெரிகிறது.

நடைவழியின் கோடியில் சீனியரின் அறை.
தட்டுகிறேன்.
மறுபடி தட்டுகிறேன்.
ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் ஷூ,
கன்னத்தில் புத்தகத்தின் ஸ்பைரல் பதிந்த தழும்போடு
கதவைத் திறக்கிறார்.

'சார், நூற்று நான்கு' என்கிறேன்.

என்னையே பார்க்கிறார்.
'யாருக்கு?' என்கிறார்.