அளவுப் புத்தகம்

டயருக்கும் அதன் மேல் வளைவுக்கும் நடுவே
மூன்று விரல் நுழைகிறது.
பார்க்கிங்கில் யாரும் இல்லாதபோது
நுழைத்து நுழைத்துப் பார்க்கிறேன்.
ஒரு விரல்தான் இருக்க வேண்டும்.
அப்போதுதான் இந்தச் சின்ன போலோ
பாயப்போகிற பூனை.
இப்போது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு
தண்ணீரில் இறங்குகிற ஆள்.

மேலப்பாளையம். பீர் மைதீன் பாய் கடை.
விரித்த பேப்பரில் இரண்டு செட் ஸ்பிரிங்.
நீலம் இருபத்தைந்து மில்லி இறக்கும்,
சிவப்பு நாற்பது.
நீலத்தைக் கையில் எடுத்தேன்,
சிவப்பைப் பார்த்துக்கொண்டே.

"செவப்பு போட்டா வண்டி சும்மா நிக்கும்போதே ஓடும் சார்.
பம்ப் ஸ்டாப்ப வெட்டணும்.
பழைய ஷாக் அப்சார்பர் ஒரு வருசம் தாங்குனா பெரிசு.
நீலம்னா அப்படியே மாட்டிரலாம்,
ஆனா எறக்கினது ஒங்களுக்கும் எனக்குந்தான் தெரியும்."

எட்டு மாதம் சேர்த்த பணம்.
இரண்டு பேருக்கு மட்டும் தெரிவதற்கா?

பாய் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:
"தெனம் எந்த வழியா போறிய?"

ஞாயிறு, வெளிச்சம் வருமுன்
ஸ்டீல் ஸ்கேல், நூல், ரசமட்டம்.
வண்டியின் அடிவயிறு பதினாறரை சென்டிமீட்டர்.
நீலத்துக்குப் பதினான்கு,
சிவப்புக்குப் பன்னிரண்டரை,
பின் சீட்டில் மாமனார் ஏறினால் அதுவும் இல்லை.

முன்னீர்ப்பள்ளம், பள்ளிக்கூட வாசல்:
பன்னிரண்டு.
மேலச்செவல் வளைவு:
பதின்மூன்று, ஓரத்தில் ஒரு கட்டி தார் துருத்தியபடி.
வயல்களில் கொக்குகள் எழுந்துவிட்டன.
தார்ச் சாலையில் குப்புறப் படுத்து
நூலைப் பிடித்திருக்கும் அரசு ஊழியனை
அவை பொருட்படுத்தவில்லை.

பத்தமடை டீக்கடை எதிரில்
பதினைந்து.
மறுபடி அளந்தேன். பதினைந்து.

பாய் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார்.
"என்ன சார், ஒசரத்தக் கூட்டப் போறியளா?
கூட்டுங்க, கூட்டுங்க.
பயலுவ பறக்கானுவ.
நாப்பதாயிரத்துக்கு ஒரு வண்டிய வாங்கி
தரையோட தரையா எறக்கி வச்சிக்கிட்டு."

நான் ஸ்கேலைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை, சேரன்மகாதேவி அலுவலகம்.
பீரோவின் கீழ்த்தட்டில் அந்த எம்-புக்.
பக்கம் நாற்பத்தி மூன்று.
வேகத்தடை, மூன்று எண்ணம்.
உயரம் 0.10, 0.10, 0.10.
அளந்து சரிபார்க்கப்பட்டது.
கீழே பச்சை மையில்
என் கையெழுத்து, வால் நீட்டி.

அன்று மழை பெய்தது என்பது ஞாபகம்.
ஜீப்பை விட்டு இறங்கவில்லை என்பதும்.

ஒப்பந்தக்காரர் செல்லப்பாண்டியிடம் பேசினேன்.
"பத்தமடைல கொஞ்சம் செதுக்கி விடணுமே."
எதிர்முனையில் நிதானமாகச் சிரித்தார்.
"பத்துதான சார் இருக்கு?
புக்குல நீங்கதான எழுதியிருக்கிய?"

சாயங்காலம் பாய்க்கு போன் போட்டேன்.
"நீலமே மாட்டிருங்க."
"செவப்புல்லா கேட்டிய?"
"மாமனார் வருவாங்க, பாய்."

இப்போது இரண்டு விரல் நுழைகிறது.
வளைவுகளில் வண்டி முன்பு போல் சாய்வதில்லை,
சொன்னால் வீட்டில் நம்புவதில்லை.
பன்னிரண்டு வந்தால் நேராக ஏறுகிறேன்.
பதின்மூன்றுக்கு மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.
பத்தமடையில் மட்டும்
ஒவ்வொரு சக்கரமாக, குறுக்காக,
சாவு வீட்டு வாசலில் செருப்புகளைத் தாண்டுவதுபோல்.

அப்படியும் அடியில் ஒரு உரசல்.
சின்னச் சத்தம்தான்.
டீக்கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.