பிறகு பார்க்கலாம்

கேக் ஆர்டர் வாங்க ஒரு படிவம் வேண்டும் என்றாள் ஸ்கைஸ்தே.
கிளைபேடாத் துறைமுகத்தில்
கிரேன்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பவன் நான்.
இரவு மிச்சமிருந்தது. எழுதிக் கொடுத்தேன்.
பெயர், தேதி, எத்தனை கிலோ,
கேக்கின் மேல் அச்சிட ஒரு படம்.
அவ்வளவுதான்.
யாருக்காவது உதவட்டும் என்று
பொதுவிலும் ஒன்றைப் போட்டுவைத்தேன்.

உதவிற்று.
பதினோராயிரம் தளங்கள்.
போஸ்னானில் ஒரு நாய்க் காப்பகம்,
கால்வேயில் சவப்பெட்டிக் கடை,
மூக்குக்கண்ணாடி விற்பவர், யாரோ ஒரு பாதிரியார்.
காசு வந்ததில்லை.
ஒருவர் மட்டும் நன்றி என்று எழுதினார்,
பொத்தானின் நிறம் பிடிக்கவில்லை என்றும்.

டிசம்பரில் மொண்டெவிடேயோவிலிருந்து
இல்டா பெரெய்ராவின் கடிதம்:
உங்கள் செருகுநிரலில் ஓர் ஓட்டை.
தொண்ணூறு நாள் பொறுப்பேன், பிறகு ஊருக்குச் சொல்வேன்.

வாரம் ஒன்று இப்படி வரும் எனக்கு.
ஓட்டை இருக்கிறது, இருநூறு யூரோ அனுப்பு.
அந்தக் குப்பையோடு இதையும் தள்ளினேன்.
மறுபடி எழுதினாள்.
மூன்றாம் முறை வரி எண்ணோடு எழுதினாள்.

அறுபத்தோராம் நாள்.
காற்றுக்குப் பயந்து கிரேன்களை நிறுத்திவிட்டார்கள்.
செய்ய ஒன்றுமில்லாமல் திறந்தேன்.

எண்பத்தெட்டாம் வரி.
படத்தை வாங்கிக்கொள்ளும் இடம்.
வருவது படம்தானா என்று கேட்டிருக்கிறேன்,
அதுவும் பெயரின் வாலைப் பார்த்து.
கொண்டுவருவது யார் என்று கேட்கவே இல்லை.
படம் என்று பெயர் சூட்டிக்கொண்டு
ஒரு கட்டளை உள்ளே வரலாம்,
அடுக்களை வரை போகலாம்,
சாவிக்கொத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொள்ளலாம்.

அதற்கு நேர் மேலே, என் கைப்பட,
ஆறு வருடப் பழைய குறிப்பு:
பிறகு பார்க்கலாம்.

நான்கு வரி. பதினொரு நிமிடம்.
தைத்து வெளியே விட்டேன்.

தையல்தான் காட்டிக்கொடுக்கும் என்பது
அதன் பிறகு தெரிந்தது.
பழையதையும் புதியதையும் அருகருகே விரித்து
வித்தியாசத்தை மட்டும் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.
ஒட்டுப்போட்ட இடம் தெரிந்தால்
கிழிந்த இடம் தெரிந்துவிடும்.
ஒட்டுப்போடாத சட்டைகளைத் தேடித்
தெருத் தெருவாகப் போகிறார்கள்.
போவது மனிதர்கள்கூட இல்லை,
தேடச் சொல்லி எழுதிவிட்ட சிறு நிரல்கள்.
அவை தூங்குவதில்லை.

முதல் நாள் நாலாயிரம் பேர் புதுப்பித்தார்கள்.
மறுநாள் முந்நூறு.
அப்புறம் எண் நகரவில்லை.
தெரிந்த சிலரைத் தொலைபேசியில் பிடித்தேன்.
தளத்தை அமைத்த பையன் இப்போது
நார்வேயில் மீன் வெட்டுகிறான் என்றது நாய்க் காப்பகம்.
எங்களிடம் திருட என்ன இருக்கிறது என்றார் சவப்பெட்டிக்காரர்.
இடம் இருக்கிறதே ஐயா, என்றேன்,
ஒளிந்துகொள்ள அவனுக்கு இடம் போதும்.
சிரித்தார். தன் தொழிலை நினைத்திருப்பார்.

வியாழக்கிழமை காலை ஸ்கைஸ்தே கூப்பிட்டாள்:
நம்ம பக்கத்தில் யாரோ செருப்பு விற்கிறார்கள்.

நம்ம பக்கம்.
தானாகப் புதுப்பிக்கும் வசதியை
நான்தான் அணைத்துவைத்திருந்தேன்,
போன ஈஸ்டரில் ஒரு புதுப்பிப்பு
கிளை கிளையாய் நிற்கும் சாகோடிஸ் கேக்கின் படத்தைத்
தலைகீழாய்க் கவிழ்த்துவிட்டது என்பதற்காக.

அவள் கத்தவில்லை.
சனிக்கிழமைக்கு ஒரு கசகசா கேக் இருந்தது, என்றாள்,
ஐந்து வயதுக் குழந்தைக்கு.
உர்தேயா, உக்னேயா, பெயர் நினைவில்லை.
தொலைபேசி எண் அதில்தான் இருந்தது.

செய்தாள், மேலே பெயரில்லாமல்.
மதியம் வரை இருவரும் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம்.
ரொட்டிக்கு வந்தவர்கள் ஒவ்வொருவரையும்
பெயர் கேட்டேன்.
ஏதோ எல்லைச் சாவடி மாதிரி, என்றாள் ஒரு கிழவி.

கைபேசி அதிர்ந்தது. இல்டா.
நன்றி. நன்றாகத் தைத்திருக்கிறீர்கள்.
நேரம் கிடைத்தால்
இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியையும் பாருங்கள்.