சார்பெழுத்து

அட்டையில் என் பெயருக்கும் மேலே
அச்சிட்டிருந்தார்கள்: சார்ந்திருப்பவர்.

பன்னிரண்டு ஆண்டுகள் எட்டாம் வகுப்புக்கு
இலக்கணம் எடுத்தவள் நான்.
முதலெழுத்து முப்பது, மற்றவை சார்பு என்று
கரும்பலகையில் கோடு கிழித்துப் பிரித்தவள்.
குற்றியலுகரத்துக்கு அரை மாத்திரை,
அதுவும் தனித்து நிற்காது,
முன்னால் எழுத்து வேண்டும் என்று சொன்னபோது
அதன் பக்கம் போய் நின்று யோசித்ததே இல்லை.

விண்ணப்பத்தில் குடும்பப்பெயர் என்றொரு கட்டம்.
எங்களிடம் அது இல்லை. இனிஷியல்தான்.
அப்பாவை விரித்தெழுதி அதில் உட்காரவைத்தோம்.
அன்றிலிருந்து பாலிகிளினிக்கில்
"மிஸ் கார்மேகம்" என்றால் எழுந்துபோகிறேன்,
வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்.

திருமணச் சான்றில் பூவராகனுக்கு இரண்டு ஓ,
பாஸ்போர்ட்டில் ஒற்றை யு.
இருவரும் ஒரே ஆள்தான் என்று
எழுதித் தந்த நோட்டரிக்கு எழுபத்தைந்து வெள்ளி.
நறுமுகையின் பிறப்புச் சான்றிலோ பெயரே இல்லை,
"பெண் குழந்தை" மட்டும்.
பெயருக்காக நாங்கள் சண்டை போட்ட நாட்களுக்கு
அரசாங்க ஆதாரம்.

விரல்ரேகை எடுத்த அன்று
என் வலது கட்டைவிரலை இயந்திரம் மூன்று முறை மறுத்தது.
சாக்பீஸ் தின்ற விரல்.
முகப்பில் ஒரு தமிழ்ப் பையன்,
அதுவரை ஆங்கிலத்திலேயே பேசியவன்,
"அழுத்தாதீங்க அக்கா, சும்மா வைங்க" என்றான்.
சும்மா வைத்தேன்.
ஏற்றுக்கொண்டது.

அதெல்லாம் ஆறு வருடத்துக்கு முன்.

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை
பத்து நிமிட வீடியோ அழைப்பில் அவர் வேலை போயிற்று.
கேமராவை அணைத்துவிட்டு
மேசை இழுப்பறையில் என் அட்டையைத் தேடினார்.
எங்களைத் தனியாக யாரும் நீக்கவேண்டியதில்லை.
முன்னெழுத்தை அழித்தால் போதும்,
உகரத்துக்கென்று இன்னொரு முறை ரப்பர் தேய்ப்பதில்லை.

ரத்தான நாளிலிருந்து முப்பது நாள்.
முப்பது!
நாளுக்கு ஓர் எழுத்தாக எண்ணிவருகிறேன்.
இன்று ஏ.

வீட்டு ஒப்பந்தத்தில் டிப்ளமேட்டிக் கிளாஸ் என்று ஒரு பத்தி,
வேலை போய் ஊர் திரும்புகிறவர்களுக்கானது.
இரண்டு மாதம் முன்னதாகச் சொல்லவேண்டுமாம்.
தூதரைப் போல முதுகை நிமிர்த்திக்கொண்டு
மிஸஸ் கோவிடம் பேசப் போனார் பூவராகன்.
அவர் வருத்தப்பட்டார், உண்மையாகவே.
பிறகு ஏர்கான் கழுவிய ரசீது எங்கே என்றார்.

நேற்று சுவா சூ காங்கில் ஒரு துணைப்பாட நிலையம்.
பாடம் நடத்திக் காட்டச் சொன்னார்கள்.
எதை எடுத்தேன் என்று சொல்லவேண்டுமா?
பின்வரிசையில் ஒரு பையன் கை தூக்கி,
"அந்த உ பாவம் இல்லையா டீச்சர்?" என்றான்.
எனக்குப் பதில் வரவில்லை.
"கோட்டா இருக்கிறதா பார்த்துச் சொல்கிறோம்" என்றார்கள்.

இரவு பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டேன்:
எனக்குக் கிடைத்தால் நீங்கள் என்னைச் சார்ந்து இருப்பீர்களா?
"உன் சம்பளம் போதாது.
அறுநூறு சொச்சம் குறையும்."
எப்போது கணக்குப் போட்டார்?
முதுகைக் காட்டிக்கொண்டுதான் சொன்னார்,
ஆனால் தட்டை என் கையிலிருந்து வாங்கித் துடைத்தார்.

நறுமுகை புக்கிட் பாஞ்சாங் நூலகத்தில் எடுத்த
கடலாமைப் புத்தகத்துக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.
கைபேசியில் ஒரு தட்டு,
மேலும் இருபத்தொரு நாள் கிடைத்துவிட்டது.
அவளிடம் சம்பளச் சீட்டு கேட்கவில்லை,
கட்டைவிரலும் கேட்கவில்லை.

"இது முடியறதுக்குள்ள நாம போயிடுவோமா?"

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்.
புத்தகம் எங்களைவிட நான்கு நாள் கூடுதலாக
இந்த வீட்டில் இருக்கலாம்.