நாலுக்குக் குறையாது

ஆறு செவ்வாய்க்கிழமைகள்.
களுவாஞ்சிகுடி கிளினிக்கில்
அறுபத்தொரு குட்டி மூக்கு.
குச்சியை உள்ளே விட்டு ஐந்து வரை எண்ணவேண்டும்,
மூன்றிலேயே கிறுகிவிடும் பிள்ளை.
தாய்மார் என் முகத்தைப் பார்ப்பதில்லை.
குச்சி எவ்வளவு தூரம் போகிறது என்றுதான் பார்ப்பார்கள்.

ரெஜிஃபோம் பெட்டியில் ஐஸ்.
ஓட்டோவில் மட்டக்களப்புக்கு முக்கால் மணி நேரம்,
கிரான்குளத்தில் ஒரு தரம் டயர் போய்
ஒன்றரை.

ஆட்டு இரத்தம் கலந்த தட்டில் இழுத்துவிட்டு
ஓர் இரவு பொறுத்தால்
சிவப்பில் பாசி பிடித்தாற்போலப்
பச்சை வளையம்.
இருபத்துநாலு பிள்ளைகளுக்கு அது வந்தது.
அதே குச்சியின் மீதியைப் பிசிஆர் மெஷினுக்குக் கொடுத்தேன்.
முப்பது என்றது.
இரண்டும் ஒத்துப்போனது பதினெட்டில்.

‘அப்ப எல்லாமா முப்பத்தாறு’ என்றேன்.
‘நாற்பது’ என்றாள் ஹஸ்மியா,
ஒலுவிலிலிருந்து எங்களுக்குக் கணக்குப் பார்க்க வருபவள்,
கடலை கொறித்தபடி.

‘விசர்நாய் ஊசி போடுற ஆக்கள்
போட்ட நாய்க்கு நீலச் சாயம் பூசி விடுவாங்களே.
முதல் நாள் இருபத்துநாலு நாய்க்குப் பூசியாச்சு.
அடுத்த நாள் றோட்டில நிக்கிற முப்பதில
பதினெட்டு நீலம்.
ஊரில மொத்தம் எத்தனை நாய்?’

பேப்பரில் பெருக்கி, வகுத்து,
நாற்பதுக்கு வந்தேன்.
மிச்சம் நாலும்
இரண்டு நாளும் வேலிக்குப் பின்னால் படுத்திருந்தவை.

தட்டும் பிடிக்காத,
மெஷினும் பிடிக்காத
நாலு பிள்ளைகள்.
தொகை இருக்கிறது, பெயர் இல்லை.
இருபத்தைந்து அறிக்கைகளில் ‘காணப்படவில்லை’ என்று எழுதிக்
கையெழுத்து வைத்தேன்.
ஒன்றும் பொய்யில்லை.
நாலு, உண்மையுமில்லை.

முப்பத்தேழாம் நம்பரின் தாய்
பெரியகல்லாற்றிலிருந்து போன் எடுத்தாள்.
‘மிஸ், என்ட புள்ளைக்கு ஒண்டும் இல்லதானே?’
‘காணல்ல’ என்றேன்.
‘இல்லதானே?’
‘இருந்தாலும் பயமில்ல,
அனேகமா மூக்கில கொஞ்ச நாள் இருந்துபோட்டுப் போயிரும்.’
‘அப்ப இருக்கா?’

காணல்ல.
எங்கள் பேச்சில் இந்தச் சொல்லுக்கு
அடி இல்லை.
கடல் வந்த வருடம் என் தங்கச்சிக்குப் பதினொரு நாள்,
பெயர் வைக்கவில்லை, பதிவுக்கும் போகவில்லை.
ஆஸ்பத்திரிப் பட்டியலில் அவள் இல்லை.
கிராம சேவகரின் பட்டியலிலும் இல்லை.
இரண்டையும் ஒன்றாக வைத்துப் பெருக்கி வகுத்தால்
வரும் மிச்சத்தில்
ஒன்று அவள் என்று
ஹஸ்மியாவிடம் நான் சொன்னதில்லை.

அவளே பிறகு சொன்னாள்,
கடலைத் தோலை ஊதிவிட்டு:
‘நாலு என்டதையும் நம்பிராதே.
ரெண்டு சோதனையும் ஒண்டையொண்டு பாராமத் தேடினாத்தான்
இந்தக் கணக்குச் சரி.
நீ ரெண்டுக்கும் ஒரே குச்சியத்தானே குடுத்தாய்.
உன்ட கை பிழைச்சிருந்தா
தட்டுக்கும் குருடு, மெஷினுக்கும் குருடு.’
‘அப்ப எத்தனை?’
‘நாலுக்குக் குறையாது.’

ஏழாவது செவ்வாய், இரண்டாம் சுற்று.
முப்பத்தேழு பச்சைத் தொப்பியோடு வந்திருந்தான்,
ஒரு பல்லும் முளைத்திருந்தது.
தலையைத் தாயின் முழங்கையில் சாய்த்துக்
குச்சியை விட்டேன்.
மூன்றில் கிறுகினான்.
விடவில்லை.
ஐந்து எண்ணினேன்.
‘மிஸ்’ என்றாள் தாய்.
ஆறும் எண்ணினேன்.