என் பேரில் ஒரு பை

பஹ்லாவில் என் வேலை குழி பறிப்பது.
அடுத்தவனுக்கு அல்ல, தண்ணீர்க் குழாய்க்கு.

பெருநாளுக்கு மறுநாள்
மேஸ்திரி சுலைமான் ஹினாயி வந்து
மண்வெட்டியோடு கூப்பிட்டார்.
தெருவுக்கெல்லாம் ஒரே அடுப்பு, தரைக்குள்.
நேற்று மாலை இறக்கிய ஆடுகள்
கிராம்பும் மிளகும் காடியும் அப்பி
வாழையிலைக்குள், ஓலைப்பைக்குள்,
வேலங்கங்கின் மேல்.
தகரமூடி. அதன்மேல் ஈரமண்.
காற்று நூலளவு புகுந்தாலும்
கறி, கரி.

மண்ணைத் தள்ளினேன். புருவம் பொசுங்கியது.
கொக்கியில் ஒவ்வொன்றாக ஏறின:
செப்புக்கம்பி முறுக்கியது மேலைத்தெரு வீட்டுக்கு,
சிவப்புத் துணி காலிதின் அம்மாவுக்கு,
பழைய சாவி தொங்கியது யாருக்கென்று
இரண்டு பேர் சண்டை.

கடைசியாக ஒரு சின்னப் பை.
அதில் கட்டியிருந்தது
போன மாதம் தொலைத்துவிட்டேன் என்று
நான் ஐந்து ரியால் அபராதம் கட்டிய
தகர வில்லை. எண் 2217.

"உன்னுடையதுதானே?"
சுலைமான் முகத்தில் சிரிப்பே இல்லை.

என்னுடையதுதான்.
எலும்பு இழுக்காமலே கழன்று வந்தது.

அந்த ஐந்து ரியாலைப் பற்றி
அவரும் பேசவில்லை.
நானும் பேசுகிற நிலையில் இல்லை,
வாய் நிறைய இருந்தது.