அந்த டைட்தான்

மாதத்தில் இன்னும் பதினொரு நாள் பாக்கி.
கடன் சங்கத்தின் கண்ணாடிக்கு அப்பால்
டென்சில் கிரிட்லண்ட் விசைப்பலகையில் விரல் வைத்து
"காரணம்?" என்றான்.
தர்ஸா எஸ்காட் சொன்னாள்:
மின்மீட்டர். பையனுக்கு ஷூ.
முதியோர் விடுதியில் இரவு ஷிப்டைப் பாதியாக்கிவிட்டார்கள்.
திரையில் இருந்த கட்டம் சின்னது,
அவ்வளவும் கொள்ளாது.
இரண்டே சொல் தட்டினான்:
டைட் ஓவர்.

எண்பது பவுண்ட்.
"ஒண்ணாம் தேதி வரைக்கும் தாங்கும்தானே?"

"எந்த டைட்?" என்றாள்.
"இன்றைக்கு ஏற்றம் இரண்டு நாற்பதுக்கு.
நாளைக்கு மூன்றரை ஆகும்."
(சனிக்கிழமைகளில் துறைமுகப் பலகையில்
ஏற்ற நேரங்களைச் சாக்பீஸால் எழுதுகிறவள் அவள்.
கூலி கிடையாது, ஒரு காப்பி.)

அவன் சிரித்தான். அவளுக்குப் பின்னால் வரிசையைப் பார்த்தான்.
"இது அந்த டைட் இல்லை."

அந்த டைட்தான்.

நானூறு வருஷத்துக்கு முன்னால்
பாய்மரத்தில் காற்று செத்துத் தொங்கும்போது,
அல்லது போகவேண்டிய திசையிலிருந்தே புறப்பட்டு வந்து
முகத்தில் அறையும்போது
கப்பல்காரர்கள் கண்ட உபாயம் அது.
ஓதம் நம் பக்கம் ஓடும் ஆறு மணி நேரம்
அதன் முதுகில் சும்மா கிட.
திரும்புகிறதா, நங்கூரத்தை இறக்கு.
வந்த தூரத்தைக் கொடுத்துவிடாதே.
உப்புக்கறி தின்னு, கிழிந்ததைத் தை,
கேப்டனைத் திட்டு.
மறுபடி திரும்பும். தூக்கு.
இப்படித் தவணை தவணையாக
ஒரு பாறைமுனையைத் தாண்டியதற்கு
வைத்த பெயர்.

பிறகு சொல் கரையேறிவிட்டது.
உப்பு உதிர்ந்து
சம்பளத் தேதிக்கும் காலிப் பர்ஸுக்கும் நடுவே
குடிவந்தது.

இதைத் தமிழில் வைக்க ஒரு வாரம் அலைந்தேன்.
'சமாளி'யில் ஈரம் இல்லை.
'கரையேற்று' என்றால் அபாண்டம்,
இங்கே யாரும் கரையேறவில்லை.
'ஒப்பேற்று' கிட்டத்தில் வந்து
நிற்காமல் போய்விட்டது.
நிற்பதுதானே இதில் விஷயம்.
சொல்லப்போனால் ஆங்கிலமும் ஏமாற்றுகிறது:
மிதந்துபோன பாதியை மட்டும் வெளியே காட்டுகிறது.
நங்கூரம் போட்டுக் கிடந்த பாதி
அதன் எந்த எழுத்திலும் இல்லை.

தர்ஸா வெளியே வந்தபோது மணி பன்னிரண்டு.
மீட்டருக்கு இருபது.
ஷூவுக்கு இருபத்தாறு, ஓர் அளவு பெரிதாக,
முன்னால் காகிதம் திணித்துக்கொள்ளலாம்.
மீதியைக் கோட்டின் உள்பையில் வைத்து
பொத்தானைப் போட்டாள்.

ஒண்ணாம் தேதி எண்பதும் வட்டியும் திருப்பிக் கட்டுவாள்.
இருபதாம் தேதி அதே கண்ணாடி,
அதே சின்னக் கட்டம்.
திரும்பாத ஓதத்தை அவள் பார்த்ததே இல்லை.
அது நல்ல சேதியா என்று கேட்டால்
எனக்குத் தெரியாது.

பிரிஸ்டல் கால்வாயின் பழுப்பு நீர்
சுவரோரமாக உள்ளே வந்துகொண்டிருந்தது.
சேற்றில் ஒருக்களித்துக் கிடந்த படகுகளில் ஒன்று,
சேறு சப்பென்று விட்ட சத்தத்தோடு
நிமிர்ந்தது.
அதில் யாரும் இல்லை.
கயிறு இன்னும் தொய்வாகவே இருந்தது.