பாபின் நூல்

காலை ஐந்தே முக்காலுக்கு
குடியாத்தத்திலிருந்து கம்பெனி பஸ்.
ஜன்னலோரம் கிடைத்தால் ஜெபம் வரும்,
கிடைக்காவிட்டால் தூக்கம்.
இரண்டுக்கும் கண்ணை மூடுவதால்
பக்கத்து சீட்டு ஷபீனா கண்டுபிடிப்பதில்லை.

உள்ளித் தரைப்பாலத்தில் பஸ் குலுங்கும்.
பாலாறு கிடக்கும், மணலும் சீமைக்கருவேலுமாய்.
அடியில் தண்ணீர் ஓடுகிறது என்கிறார்கள்.
நான் பார்த்ததில்லை.
அந்தப் பாலம் வரைக்கும் ஆண்டவரோடு இருப்பேன்.
அதைத் தாண்டினால் எப்சிபா ஏறிக்கொள்வாள்.

எப்சிபா என் நாத்தனார்.
பஸ்ஸில் அல்ல, என் தலைக்குள் ஏறுவாள்,
என் மூன்று பவுன் சங்கிலியோடு.
பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு ஒருநாள் போட்டுவிட்டுத் தருகிறேன்
என்று வாங்கிப் போனது,
அடகுக்கடை ரசீதாக மாறி நாலு வருஷம்.
கேட்க வேண்டியதையெல்லாம் தினமும் கேட்கிறேன்,
வாயைத் திறக்காமல்.
அவளுக்காகப் பதில் சொல்வதும் நானே.
அந்த வழக்கில் ஒருநாளும் நான் தோற்றதில்லை.

எட்டு மணிக்கு மெஷின்.
ஷூவுக்கு அப்பர், கறுப்பு ஆட்டுத்தோல், மணிக்கு முப்பது.
துணியில் தப்பினால் பிரித்துத் தைக்கலாம்.
தோல் அப்படியில்லை.
நூலை உருவிவிடலாம், துளை நிற்கும்.
புதிதாய் வருகிற பெண்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வார்கள்.
எனக்கும் சொன்னார்கள், பதினோரு வருஷத்துக்கு முன்.
தோலைப் பற்றித்தான் சொல்கிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

இந்த லெந்துக்கு மீனை விட்டேன், டீயை விட்டேன்.
எப்சிபாவை விடவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை அவளை அழவே வைத்துவிட்டேன்.
கல்யாண மண்டபம், உறவுக்காரர்கள் எல்லாரும் பார்க்க
சங்கிலியைக் கழற்றி என் கையில் வைக்கிறாள்.
அந்த நேரம் பார்த்து
சூப்பர்வைசர் தனசேகர் மேசையைத் தட்டினார்.
"அக்கா, பாபின் தீர்ந்து எவ்வளவு நேரமாச்சு?"

மேல்நூல் ஓடியிருக்கிறது.
ஊசி இறங்கி ஏறியிருக்கிறது.
சத்தம்கூட அதே சத்தம்.
இரண்டு அப்பர், நெடுகத் துளை,
ஒரு தையல் பிடிக்கவில்லை.
டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிக் காட்டினார்.
துளை வழியே வெளிச்சம்
எறும்பு ஊர்வது போல வரிசையாய் வந்தது.
ரிஜெக்ட் கூடையில் போட்டார். கத்தவில்லை.
கத்தியிருந்தால் அவர் பேரிலும்
மனசுக்குள் ஒரு வழக்குப் போட்டிருப்பேன்.

அன்றிலிருந்து ஒன்று செய்கிறேன்.
பெரிய காரியம் இல்லை.
பாபின் மாற்ற பன்னிரண்டு வினாடி.
தகட்டைத் தள்ளி, காலியை எடுத்து,
நிறைந்ததைப் போட்டு, நூல் நுனி மேலே வருவதற்குள்
"இயேசுவே, இங்கேதான் இருக்கிறேன்."
அவ்வளவுதான். ஒரு நாளைக்கு இருபது முறை.
எங்கள் போதகர் நீளமாய் ஜெபிப்பார், கேட்க நன்றாயிருக்கும்.
எனக்கு அளந்தது பன்னிரண்டு வினாடி.
சில நாள் பாபினை மாற்றிவிட்டு
ஜெபத்தை மறந்துவிடுவேன்.
மத்தியானச் சோற்றில் கை வைக்கும்போது நினைவு வரும்.

எப்சிபா வருகிறாள். வராமலா?
போ என்றால் போகிறவளா அவள்?
துரத்திப் பார்த்தேன்.
துரத்துவதும் அவளோடு பேசுவதுதான் என்று
புரிய ஒரு வாரம் ஆனது.
இப்போது வந்தால் பேரை மட்டும் சொல்கிறேன்.
"ஆண்டவரே, எப்சிபா."
ஆசீர்வதியும் என்ற சொல் தொண்டை வரை வரும்,
சங்கிலி குறுக்கே நிற்கும்.
பேரோடு நிறுத்திவிடுகிறேன்.
மிச்சம் அவர் பாடு.

"உதடு அசையுதே, யாரைத் திட்டுறே?"
மெஷினை நிறுத்திக் கேட்டாள் ஷபீனா.
"இன்னைக்கு இதுவரைக்கும் யாரையும் இல்ல" என்றேன்.
மணி பத்தேகால்தான் ஆகியிருந்தது.
தகட்டைத் தள்ளி விரலால் தடவிப் பார்த்தேன்.
பாதி நூல் இருந்தது.